மீன் குழம்புச் சட்டியில் தொடங்கும் பயிர்த்திட்டம்

வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு தம்பியின் கேள்வி இது: “ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் நடுவில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் இருக்கிறது. பாதி சீமைக்கருவேலம். ஒரு பழைய கிணறு, ஓரத்தில் முப்பது பனை. ரசாயனம் இல்லாமல் விவசாயம் செய்து, விளைந்ததை உள்ளூரிலேயே விற்க ஆசை. இந்த உப்புக்காட்டில் அது நடக்குமா? எதில் தொடங்குவது?”

நடக்கும் தம்பி. ஆனால் நீங்கள் நினைத்திருக்கிற வரிசையில் நடக்காது. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் முதலில் ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் போர் என்கிற ஆழ்துளைக் கிணறு, அப்புறம் சொட்டுநீர்க் குழாய், அப்புறம் இரண்டு நாட்டு மாடு. கையிருப்பில் முக்கால்வாசி கரைந்த பிறகுதான் என்ன விதைப்பது, யார் வாங்குவார்கள் என்று யோசிக்கிறார்கள். நம் கரையில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து மண்ணுக்கு வாருங்கள்.

உங்கள் நிலத்திலிருந்து தெற்கே போனால் மீனவக் குடியிருப்புகள். மேற்கே கீழக்கரை, கிழக்கே பெரியபட்டினம். எல்லாம் சைக்கிள் போகிற தூரம். அந்த வீடுகளில் தினமும் அடுப்பில் ஏறுவது மீன் குழம்பு. அதற்கு என்னென்ன வேண்டும்? முண்டு மிளகாய், மல்லி, புளி, தேங்காய், சின்ன வெங்காயம். மீனுக்குத் தகுந்தபடி மாங்காயோ முருங்கைக்காயோ கத்தரிக்காயோ. பக்கத்தில் ஒரு கீரை, ஒரு சுரைக்காய்க் கூட்டு. கீழே சோறு. இந்தப் பட்டியலில் முக்கால்வாசி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து லாரி ஏறி, ராமநாதபுரத்தில் இறங்கி, ஆட்டோவில் கடற்கரைக்கு வந்து சேருகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த கத்தரிக்காய், பிடித்து ஒரு மணி நேரம் ஆகாத மீனோடு ஒரே சட்டியில் கொதிக்கிறது. உங்கள் பயிர்த்திட்டம் அந்தச் சட்டிக்குள் இருக்கிறது. சென்னையில் இயற்கை அங்காடி வைத்திருக்கிற நண்பரை நம்பி நிலத்தில் இறங்காதீர்கள். அவர் வாங்கினால் நல்லது, ஆனால் அது இரண்டாவது கணக்கு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, தை மாதம் களத்தில் நெல் அடிக்கும் சமயம் பார்த்து, கடற்கரையிலிருந்து பெண்கள் ஓலைப்பெட்டியில் கருவாடு சுமந்து வருவார்கள். அம்மா மரக்காலால் நெல் அளந்து போட்டுவிட்டு நெத்திலியும் சாளையும் வாங்கிக்கொள்வாள். பணம் கை மாறியதே இல்லை. கடலில் மீன் குறையும்போது கரையில் நெல் இருந்தது. கரையில் மழை பொய்த்த வருடம் கடல் சோறு போட்டது. அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோய் ரொம்ப நாளாகவில்லை. நிலமும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, தண்ணீருக்கு வருவோம். நான் கெட்டது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் நிலத்தில் பதினைந்தடி ஆழத்தில் ஒரு கிணறு இருந்தது. கோடையில் முழங்கால் அளவுதான் நிற்கும், ஆனால் குடிக்கிற மாதிரி இருக்கும். அது போதவில்லை என்று ஆசைப்பட்டு நூற்றிருபது அடிக்கு போர் போட்டேன். முதல் வருடம் தண்ணீர் கொட்டியது. இரண்டாம் கோடையில் நாக்கில் கரிப்பு தட்டியது. மூன்றாம் வருடம் மல்லி இலையின் ஓரமெல்லாம் கருகியது. போரை மூடினேன், ஆனால் பக்கத்தில் இருந்த நல்ல கிணறும் பழைய ருசிக்குத் திரும்ப நாலு மழைக்காலம் ஆயிற்று.

இதற்குக் காரணம் எளிதானது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் கீழே பாறைக்குள் ஓடும் ஆறு கிடையாது. மழையில் இறங்கிய நீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். போர் குழாய் நேராக அந்த எல்லைக்கே போய் உறிஞ்சுகிறது. மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருந்தது?

ஆகவே போர் வேண்டாம். பழைய கிணற்றைத் தூர்வாருங்கள், ஆழப்படுத்தாதீர்கள். மழையைப் பிடியுங்கள். நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய ஊருக்கு அது குறைவில்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். உங்கள் நாலு ஏக்கரில் விழுவது ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டே மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது என்பதுதான் நம் பிரச்சினை.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் நூறடி நீளம், ஐம்பதடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால், கரைச் சரிவு போக ஐந்தரை லட்சம் லிட்டர் நிற்கும். பத்து சென்ட் காய்கறிக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் லிட்டர் போதும். குட்டையின் மேல்பரப்பிலிருந்து வெயில் குடிப்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டையும் சேர்த்தால் தைப் பொங்கலில் நிறைந்திருக்கும் குட்டை சித்திரை முடியும்வரை வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மணற்பாங்கான இடம் என்றால் அடியில் கண்மாய்க் களிமண் போட்டு மிதிக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிற்காது. ஐந்தடிக்கு மேல் தோண்ட ஆசை வந்தால், முதலில் ஒரு ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி ஊறும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து மண். இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உவர் வேறு, களர் வேறு. உவரில் இருப்பது கரையும் உப்பு. மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் இறங்கிவிடும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் சேறாக இறுகி, காய்ந்தால் ஓடு மாதிரி ஆகும். அதற்கு ஜிப்சம் வேண்டும். உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டினால் காசுக்குத்தான் கேடு. கடலோரத்தில் பெரும்பாலும் உவர்தான். ஆனால் உள்ளே தள்ளிப் போகப் போக இரண்டும் கலந்து கிடக்கும். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண்ணையும் கிணற்று நீரையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள். மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்தால் உவர். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் புளிக்கவைத்த ஜீவாமிர்தம் ஊற்றினால் உப்பு ஓடிவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். ஓடாது. உப்பை இறக்குவது மழைத் தண்ணீர் ஒன்றுதான். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி செய்வது மக்கிய எரு. ஆக நம் வேலை, வரப்பை ஒன்றரை அடிக்கு உயர்த்தி ஐப்பசி மழையை வெளியே விடாமல் தேக்குவது. அதற்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து நாற்பத்தைந்து நாளில் பூக்கும் முன் மடக்கி உழுவது. தக்கைப்பூண்டு உப்பையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் சாகாது. கோடையில் மண்ணைச் சும்மா விடக் கூடாது. வெறும் மண் காயும்போது கீழே போன உப்பு ஈரத்தோடு மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். பனையோலை, வைக்கோல், தென்னை மட்டை எதையாவது போட்டு மூடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வாய்க்கால் விட்டுப் பாய்ச்சும்போது, உப்பு நடுவில் மேடாக இருக்கும் பாரின் உச்சியில் போய்ச் சேரும். எல்லோரும் உச்சியில்தான் கத்தரி நாற்றை நடுகிறார்கள். பாரின் சரிவில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே நட்டுப் பாருங்கள். அதே நிலம், அதே நாற்று, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பயிர். நாலு ஏக்கரும் திருந்திவிட்ட கணக்கில் ஒன்றரை ஏக்கர் நெல்லுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்று விட்டு நடுவது நமக்கு ஆகாது. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ புழுதி உழவில் விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் நம் சேதுச்சீமை வழக்கம். அதற்கென்றே நம் ஊரில் நெல் இருக்கிறது: நொறுங்கன், குழிவெடிச்சான், சித்திரைகார். வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். மகசூல் வீரிய ரகம் அளவுக்கு வராது, சாயவும் செய்யும், அதைச் சொல்லாமல் விற்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் மழை ஏமாற்றிய வருடத்தில் வீரிய ரகம் வைக்கோலாக நிற்கும்போது நொறுங்கனில் வீட்டுச் சோற்றுக்காவது தேறும். மாட்டுக்கு வைக்கோலும் நீளமாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் பாரம்பரிய ரகத்திலேயே போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிக்கென்றே உருவாக்கி 2009-இல் வெளியிட்ட அண்ணா 4 ஒரு அரை ஏக்கரில் இருக்கட்டும். பிடிவாதத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

விதைக்குக் காசு கொடுத்து அலைய வேண்டாம். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் இருந்தது. 2 கிலோ விதை வாங்கிப் போகிற விவசாயி அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-இல் போய்விட்டார், வழக்கம் இன்னும் பல ஊர்களில் நிற்கிறது. நம் பக்கமும் அப்படிக் கை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறோம்.

ஒரு ஏக்கர் முண்டு மிளகாய். உப்பு என்றால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஆகவே ஆகாது. முதலில் வாடி நமக்குச் சொல்வதே அவைதான். பிறகு எப்படி நம் மாவட்டத்தில் முண்டு இவ்வளவு விளைகிறது என்று கேட்டால், அது கிணற்று நீரில் விளைவதில்லை. கார்த்திகை மழையின் ஈரத்தில் வேர் பிடித்து, பனியில் பூத்து, மாசி பங்குனியில் பழுக்கிறது. ஆக மேட்டுப் பாங்கான, வெள்ளை பூக்காத இடமாகப் பார்த்து விதையுங்கள். மல்லியை ஊடுபயிராக விடுங்கள். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கமிஷன் கடைக்காரர் உங்களுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தர மாட்டார், ஏமாறாதீர்கள். எல்லோரும் ஒரே மாதத்தில் சாக்கைக் கொண்டுபோய் இறக்கினால் விலை விழத்தான் செய்யும். வெறும் மண்ணில் காயப்போடாமல் தார்ப்பாயில் காயவைத்து, பூஞ்சைப் பூத்ததைப் பொறுக்கித் தள்ளி, மூன்றில் ஒரு பங்கையாவது ஆடி வரைக்கும் வைத்திருங்கள். அதை மல்லியோடு சேர்த்து மீன் குழம்புத் தூளாக அரைத்துக் கீழக்கரை வீடுகளில் கொடுத்துப் பாருங்கள். இதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவு வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பத்து சென்ட் காய்கறி, வரப்போரம் முருங்கை, குட்டைக் கரையில் சுரையும் பூசணியும். மீதியில் தென்னை ஒரு வரிசை, தீவனச் சோளம், ஒரு ஓரம் ஆட்டுக்கு. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நட்டால் வரும்.

முப்பது பனையை மட்டும் எவர் என்ன விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு, ஓலை என்று வருடம் முழுக்க ஏதாவது கொடுக்கும் மரம் இந்த மண்ணில் வேறு கிடையாது. ஏற ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான். சாயல்குடி பக்கத்துப் பனையேறிகளில் ஒரு குடும்பத்தைப் பாதிக்குப் பாதி என்று பேசி அழைத்து வாருங்கள்; பதநீர் காய்ச்ச விறகுக்கு உங்கள் கருவேலம் இருக்கிறது. சீனி கலக்காத கருப்பட்டி என்று இரண்டு வருடம் பேர் எடுத்துவிட்டால் மூன்றாம் வருடம் வீடு தேடி வருவார்கள்.

கருவேலத்தை ஒரே மூச்சில் அழிக்க வேண்டாம். வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும். அதற்கு மழைக்குப் பின் மண் இளகியிருக்க வேண்டும். வருடத்துக்கு அரை ஏக்கர் எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே ஏதாவது விதையுங்கள், சும்மா கிடந்தால் ஆடுகள் நெற்றைத் தின்று விதையைப் போட்டுவிட்டுப் போகும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டு, மூட்டத்தடியில் மிஞ்சும் கரித்தூளைக் கேட்டு வாங்குங்கள். சாம்பலைச் சலித்துத் தள்ளிவிட வேண்டும், அது ஏற்கெனவே காரமான நம் மண்ணை இன்னும் கெடுக்கும். கரித்தூளை மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்து எருக்குழியில் போடுங்கள்.

எருவைப் பொறுத்தவரை கடல் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம், கூடவே ஒரு கண்ணியும். மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் போட்டு மூன்று வாரம் மூடி வைத்தால் மீன் அமிலம் தயார். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது முதல் நூறு மில்லி கலந்து தெளிக்கலாம். ஆனால் பச்சை மீன் கழிவாக இருக்க வேண்டும். கருவாட்டுத் தொட்டியில் மிஞ்சியதை இலவசம் என்று டிராக்டரில் ஏற்றி வந்து நிலத்தில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உப்பு மூட்டையை வாங்கிக் கொட்டுவதற்குச் சமம். கரை ஒதுங்கும் பாசியும் அப்படித்தான். ஒரு மழைக்காலம் மேட்டில் குவித்து நனைய விட்டு, அடுத்த வருடம் எடுத்துப் போடுங்கள். உயிருள்ள பாசியைப் பிடுங்கி வரவே வேண்டாம். கரைக்கு எதிரே உள்ள தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களுக்கே ஆயிரம் தொல்லை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்ல எரு ஆட்டுக்கிடை. அறுப்பு முடிந்ததும் கிடை போட, ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தை பிறந்தால் அவர்களில் பலர் தஞ்சாவூர் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்கு முன் பிடிக்க வேண்டும். ராத்திரிக்கு ராத்திரி பட்டியை மாற்றி மாற்றி அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் சமமாகப் பரவும். கூலிக்குப் பதில் நெல் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கண்மாயை மறந்துவிட்டு நாலு ஏக்கரைத் தனித் தீவாக நினைக்காதீர்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள்; அந்த மாதிரிப் பெரிய ஏரி உங்கள் ஊரில் இருக்காது. சின்னதாக ஒன்று இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று மேலே இருக்கிற ஊர் வரை நடந்து பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கினால் வண்டல் மண் எடுக்கலாம். உங்கள் மணலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது, கண்மாயும் ஆழமாகும். ஊர்க்கூட்டத்தில் முதல் வருடம் வாயைத் திறக்காமல் மண்வெட்டியோடு மட்டும் போய் நில்லுங்கள். வெளிநாட்டுக்காரர் என்ற பேர் அப்படித்தான் போகும்.

விற்பனைக்குக் கடை போடாதீர்கள். முதலில் இருபது வீடு. வாரத்தில் இரண்டு நாள், காலை மீன் ஏலம் முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரத்துக்குக் காய்கறியும் கீரையும் கொண்டுபோங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. கடற்கரையில் கைக்காசு வற்றிப்போகும் மாதங்கள் அவை. அப்போது நெல்லும் மிளகாயும் கடனாகக் கொடுத்து, தடை முடிந்ததும் கருவாடாகத் திருப்பி வாங்குங்கள். அந்தக் கருவாட்டை ராமநாதபுரம், பரமக்குடி பக்கத்து உங்கள் மிளகாய் வாடிக்கைக்காரர்களே வாங்குவார்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசி போகும்; இரண்டு மாதம் முன்னதாகவே ஜமாத்தில் பேசி வையுங்கள். கூட ஐந்து விவசாயிகள் சேர்ந்தால், ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கைச் சான்று வாங்கலாம், செலவு குறைவு. ஆனால் சேதுக்கரையில் யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். யார் மகன் என்றுதான் கேட்பார்கள்.

வருமானம்? வளைகுடாச் சம்பளம் நாலு ஏக்கரில் வராது. முதல் இரண்டு வருடம் கைக்காசு போகும், வீட்டுச் சாப்பாடு மட்டும் நிலத்திலிருந்து வரும். மூன்றாம் வருடம் மிளகாயும் கருப்பட்டியும் தூக்கிவிடும். அதுவரைக்கும் குடும்பச் செலவுக்கு வேறு வழி இருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் ஒரு ஏக்கரில் மட்டும் தொடங்கிவிட்டு வேறு வேலையும் பாருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது ஆனி மாதம். புழுதி உழவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், நாலு மூலை மண்ணைத் தனித்தனிப் பையிலும் எடுத்துவந்து பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வாருங்கள். நொறுங்கன் இரண்டு மரக்கால் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தையில் நாலாக அளந்து கொடுத்தால் போதும்.